மாயாவிக்குக் கணக்கு வேண்டாமா?

"கதையே பொய், பொய்க்குள் நியாயம் எதற்கு?" என்று ஒரு கேள்வி வெகு நாளாகக் கேட்கப்பட்டு வருகிறது. இதைக் கேட்பவர்கள் இரண்டு வகையார். பிள்ளைகள் படக்கதை படிப்பதே கெட்டுப் போவதற்கு வழி என்று நினைக்கிற பெரியவர்கள் ஒரு வகை. மற்றொரு வகை நம்மவர்களே. பகுத்தறிவு பேசுகிறவர்களிலேயே சிலர், பறக்கிறவனும் மறைகிறவனும் வருகிற புத்தகமெல்லாம் புராணத்தின் தம்பிதானே, அதைத் தொடுவானேன் என்கிறார்கள். கரியாலூரிலிருந்து நமக்குக் கடிதம் எழுதியிருக்கும் தோழர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர். மலைமேல் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன்கள், இரும்புக்கை மாயாவியும் சூப்பர்மேனும் மோதினால் ஜெயிப்பது யார் என்று கைகலப்பு வரைக்கும் வாதாடுகிறார்களாம். கல்வராயன் மலையில் எத்தனையோ குறைகள் இருக்க, பிள்ளைகளின் புத்தி இப்படிப் போவதை நாம் கண்டித்து எழுத வேண்டுமாம்.

நாம் கண்டிக்கப் போவதில்லை. பையன்கள் வாதாடுவது போதாது, இன்னும் கெட்டியாக வாதாட வேண்டும் என்றே சொல்லப் போகிறோம். அந்தத் தோழர் கோபித்துக் கொள்ளாமல் கடைசி வரையில் படிப்பாராக.

முதலாவது, கதைக்காரனுக்கு ஒரு பொய் சொல்ல உரிமை உண்டு. அந்த ஒரு பொய்யை நாம் மனப்பூர்வமாக ஒப்புக் கொண்டுதான் புத்தகத்தைத் திறக்கிறோம். ஆனால் அந்த ஒன்றை ஒப்புக் கொண்ட பிறகு, அதிலிருந்து என்னென்ன விளையுமோ அவ்வளவும் விளைந்தாக வேண்டும். மூன்றாம் பக்கத்தில் சொன்ன சட்டம் முப்பதாம் பக்கத்தில் கதாநாயகன் மாட்டிக் கொள்ளும்போதும் செல்ல வேண்டும். அங்கே சட்டத்தை மாற்றினால் அது கதையல்ல, பித்தலாட்டம். சீட்டாட்டத்தில் தோற்கிற சமயம் பார்த்து, ஆட்டத்தின் விதி வேறு என்று சொல்லுகிறவனோடு யாராவது மறுபடியும் ஆட உட்காருவார்களா?

இப்பொழுது மாயாவியையே எடுத்துக் கொள்வோம். இவர் பூர்வீகத்தில் இங்கிலாந்துக்காரர். 1962-ல் 'வேலியண்ட்' என்ற ஆங்கிலச் சிறுவர் வாரப் பத்திரிகையில் பிறந்தவர்; பெயர் லூயி கிராண்டேல். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கப்பட்டபோது அதன் முதல் புத்தகமாகவே தமிழில் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்ப் பையன்களுக்கு அவர் சொந்தக்காரரைப் போல ஆகிவிட்டார். ஒரு சோதனைச் சாலை விபத்தில் வலது கை போய் இரும்புக்கை வந்தது; மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்து போவார், இரும்புக்கை மட்டும் மறையாது; சிறிது நேரம் கழித்து சக்தி தீர்ந்து மறுபடியும் தெரிவார். இவ்வளவுதான் அந்தக் கதையின் ஒரே பொய். இதில் நமக்குத் தகராறில்லை. சொல்லப் போனால் இது நல்ல பொய். வரவு உண்டு, செலவு உண்டு, தீர்ந்து போகும் காலம் உண்டு, மறைக்க முடியாத ஒரு குறையும் உண்டு. சர்வ வல்லமை என்று அளந்து விடாமல் ஒரு கணக்கோடு ஆரம்பித்ததால்தான் நம் பையன்களுக்கு அவரைப் பிடித்தது என்பது நமது அபிப்பிராயம்.

தகராறு எங்கே என்றால் சண்டையில்தான். இரும்புக்கை அந்தரத்தில் தெரிகிறது. எதிரி அந்தக் கையைப் பார்த்தே சுடுகிறான்! கை இருந்தால் அதற்கு ஒரு முழம் இப்பாலோ அப்பாலோ தோளும் மார்பும் இருக்க வேண்டும் என்று அந்த மடையனுக்குத் தெரியாதா? ஒரு கூடைச் சாம்பலை அள்ளி வீசினால் ஆள் முழுவதும் வெள்ளையாகத் தெரிந்து விடுவாரே! ஒரு சட்டி மிளகாய்த்தூள் போதுமே! ஈர மண்ணில் கால் தடம் விழாதா? நாய்க்கு மோப்பம் போய்விட்டதா? எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்து விட்டால் மாயாவி திரும்ப மறைவது எப்படி? எதிரியை முட்டாளாக்கித்தான் கதாநாயகனை வீரனாக்க வேண்டுமென்றால், அந்த வீரத்தின் யோக்கியதை எவ்வளவு என்று கேட்கிறோம். எதிரி யோசிக்க வேண்டும், அதற்கு மேல் இவர் யோசிக்க வேண்டும். சக்திக்குச் சட்டம் இருந்தால் சண்டையில் புத்தி வேலை செய்யும். சட்டம் இல்லாவிட்டால் வெறும் சத்தம்தான் மிஞ்சும்.

இதைக் காட்டிலும் பெரிய ஆக்ஷேபணை ஒன்று உண்டு. மறைந்து போனவனுக்குக் கண் தெரியுமா? கண் பார்ப்பது எப்படி? வெளிச்சம் உள்ளே நுழைந்து, விழியின் முன்புறத்திலும் லென்ஸிலும் வளைந்து, பின் திரையில் விழுந்து, அங்கே தடுத்து உறிஞ்சப்பட வேண்டும். உடம்பு முழுவதும் காற்றைப் போல வெளிச்சத்தை நேரே விட்டு விடுகிறது என்றால், கண்ணும் விட்டு விடும். வளையாத வெளிச்சம் உருவம் காட்டாது. உறிஞ்சப்படாத வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. ஆகவே மறைந்தவன் குருடன். இல்லை, அவனுக்குப் பார்வை உண்டு என்றால், அவன் கண் திரை வெளிச்சத்தைத் தடுக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் இரும்புக்கையோடு கூட இரண்டு கரும் புள்ளிகளும் அந்தரத்தில் மிதந்து வர வேண்டும். வேடிக்கைக்கு அறிவியல் எழுதி ஜனங்களுக்கு ஊட்டிய பெரல்மான் என்ற ருஷ்யர் இந்தக் கேள்வியை வெகு காலத்திற்கு முன்பே கிளப்பினார். 1897-ல் 'மறைந்த மனிதன்' கதையை எழுதிய எச். ஜி. வெல்ஸுக்கும் இந்தச் சங்கடம் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். அவர் கதையில் முதலில் மறைக்கப்படுகிற பூனைக்கு உடம்பெல்லாம் போயும் கண்ணின் பின்புறம் மட்டும் மறையாமல் நிற்கிறது. அவருடைய மனிதன் துணி இல்லாமல் குளிரில் நடுங்குகிறான்; தின்ற சோறு செரிக்கும் வரையில் வயிற்றில் தெரிகிறது; சேற்றில் கால் தடம் அவனைக் காட்டிக் கொடுக்கிறது. சக்தி வந்ததாலேயே அவன் படுகிற பாடுதான் அந்தக் கதை. மாயாவியின் கால்சட்டை எப்படி மறைகிறது என்று மட்டும் நம்மைக் கேட்காதீர்கள்.

நிற்க. இதெல்லாம் வெறும் விளையாட்டுக் கேள்வி என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாயாவி மின்சாரத்தில் கை வைக்கிறார், படத்தில் மின்னல் பறக்கிறது, ஆள் மறைகிறார். இதைப் படிக்கிற எட்டு வயதுப் பையனின் வீட்டுச் சுவரிலும் பிளக் இருக்கிறது. அதில் ஓடுவது 230 வோல்ட். ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிவதற்கு எவ்வளவு மின்சாரம் ஓடுகிறதோ, அதில் பாதிக்கும் குறைவானது மார்பின் வழியாக ஓடினாலே இருதயம் தாளம் தப்பி நின்று போகலாம். ஈரக்கை என்றால் இன்னும் சுலபம். காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாகப் போடுகிற மின்வேலியில் சிக்கித் தமிழ்நாட்டில் மனிதர்கள் சாகிற செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். அவர்களில் ஒருவர் கூட மறைந்து போகவில்லை, பிணமாகத்தான் கிடந்தார்கள். ஆகையால் "மின்சாரம் பாய்ந்தும் இவர் ஏன் சாகவில்லை?" என்று கேட்கிற பையன் புத்தகத்தைக் கெடுக்கவில்லை, தன் உயிரைக் காப்பாற்றிக் கொள்கிறான். அந்தக் கேள்வியை "பொய்க்கதைக்கு நியாயம் எதற்கு?" என்று அடக்குகிற பெரியவர்தான் அவனை ஆபத்தில் விடுகிறார்.

1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் 'சக்திமான்' என்ற தொடர் வந்தது. முகேஷ் கன்னா என்ற நடிகர் சுழன்று சுழன்று பறப்பார். ஆபத்தில் மாட்டிய குழந்தைகளைக் காப்பாற்றுவார். அவர் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிச் சில குழந்தைகள் தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்து கொண்டதாக அந்த நாளில் செய்திகள் வந்தன. அவற்றில் எது உண்மை, எது மிகை என்ற சண்டை ஒருபுறமிருக்கட்டும். அப்படி ஒரு குழந்தை நம்பக் கூடும் என்பதை யாரும் மறுக்கவில்லை. சக்திக்கு எல்லை சொல்லாத கதைதான் "எந்த நேரத்திலும் வருவார்" என்ற நம்பிக்கையைக் கொடுக்கும்.

இனி பலசாலிகளின் சங்கதி. சூப்பர்மேன் 1938-ல் அமெரிக்காவில் முதல் புத்தகத்தில் தோன்றியபோது, அவருக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது என்பதற்கு ஆசிரியர்கள் ஒரு சமாதானமும் சேர்த்துப் போட்டார்கள். எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு தூக்கவில்லையா, வெட்டுக்கிளி தன் உடம்பைப் போலப் பல மடங்கு தாண்டவில்லையா, அது போலத்தான் இவரும் என்றார்கள். சமாதானம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே அவர்களுக்குப் பெருமை. ஆனால் சொன்ன சமாதானம் தப்பு. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும்.

அரை சென்டிமீட்டர் எறும்பை 300 மடங்கு நீட்டி ஒன்றரை மீட்டர் ஆள் ஆக்குவோம். தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது 300 தடவை 300, அதாவது 90,000 மடங்காகும். எடையோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பெருகி 2 கோடியே 70 லட்சம் மடங்காகும். பலத்தை விட எடை 300 மடங்கு அதிகமாக ஏறி விட்டது. எறும்பாக இருந்தபோது தன் எடையைப் போல 50 மடங்கு தூக்கியது என்றே வைத்துக் கொண்டாலும், ஆள் அளவு ஆனபின் தன் எடையில் ஆறில் ஒரு பங்கைக் கூட அதனால் தூக்க முடியாது. எழுந்து நிற்கவே முடியாமல் தரையில் கிடக்கும்! இந்தக் கணக்கை கலீலியோ 1638-லேயே எழுதி வைத்தார். 1926-ல் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற ஆங்கில அறிஞர் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். அவர் பின்னால் 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானவர். எறும்பைக் காட்டி மனிதனைப் பெரிதாக்குகிறவர்களுக்கு இதை விட நல்ல பதில் கிடையாது.

சரி, வேறு கிரகத்துக்காரர், எலும்பும் தசையும் வேறு என்கிறார்கள். ஒப்புக் கொண்டோம், அதுதான் அவர்களுடைய ஒரு பொய். ஆனால் அவர் நிற்கிற பூமி நம்முடைய பூமிதானே? 10 டன் பஸ்ஸை இரண்டு கையால் தலைக்கு மேல் தூக்குகிறார். அந்த 10 டன்னும் அவருடைய இரண்டு உள்ளங்கால் வழியாகத்தான் தரையில் இறங்க வேண்டும். இரண்டு பாதமும் சேர்ந்து சுமார் 400 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ. லாரிச் சக்கரம் தரையை அழுத்துவதைப் போல மூன்று மடங்கு! மழைக்காலத்தில் மலை ரோட்டு ஓரத்தில் லாரிச் சக்கரமே அச்சு வரை புதைவதைப் பார்த்தவர்களுக்கு, சூப்பர்மேன் முழங்கால் வரைக்கும் இறங்கி விடுவார் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பஸ்ஸின் பம்பரைப் பிடித்துத் தூக்கினால் பம்பர் மட்டும் கையோடு வந்து விடும் என்பதும் அப்படியே. அவர் ஓங்கிக் குத்தினால் குத்து வாங்கியவன் பறக்கிற அளவுக்கு, பிடிமானம் இல்லாவிட்டால் இவரும் பின்னால் பறக்க வேண்டும். இது 1687-ல் நியூட்டன் சொன்னது. இன்னும் ஒருவரும் மாற்றவில்லை.

அந்தப் பையன்களின் வழக்குக்கும் தீர்ப்புச் சொல்லி விடுவோம். 1938-ல் பிறந்த சூப்பர்மேன் பறக்கிறவர் அல்ல. சுமார் 200 மீட்டர் தாண்டுவார், வெடிகுண்டுக்குக் குறைந்தது எதுவும் அவர் தோலைத் துளைக்காது, அவ்வளவுதான். அந்தச் சூப்பர்மேனும் மாயாவியும் மின்சாரம் உள்ள பட்டணத்தில், காய்ந்த தரையில், வீட்டுக்குள் மோதினால் மாயாவிக்குக் கொஞ்ச நேரம் தப்பித்து ஓட வழி உண்டு, ஜெயிக்க வழி இல்லை. இரும்புக்கை அந்தத் தோலில் ஏறாது. கரியாலூரில், காற்றும் மழையும் அடித்துக் கம்பி அறுந்து கரண்டு போன இராத்திரியில் மோதினாலோ, மாயாவி ஒரு கை இரும்பான சாதாரண மனிதர். சூப்பர்மேன் தாண்டுவதற்குக் காலை ஊன்றினால் சேறு விடாது. இருவரும் மழை விடும் வரையில் ஏதாவது ஒரு தாழ்வாரத்தில் ஒண்டி நிற்க வேண்டியதுதான். பின்னால் வந்த சூப்பர்மேனோடு மோத விட்டால் வழக்கே இல்லை. பறத்தல் சேர்ந்தது, கண்ணால் எரித்தல் சேர்ந்தது, சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் அவரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆன பிறகு கதையே ஓடவில்லை. ஆகவே 1943-ல் வானொலி நாடகத்தில் கிரிப்டோனைட் என்று ஒரு கல்லைக் கண்டு பிடித்து, அது பக்கத்தில் வந்தால் அவர் சோர்ந்து விழுவார் என்று ஏற்பாடு செய்தார்கள். சர்வ வல்லமை உள்ளவனை வைத்துக் கதை நடத்த முடியாது என்பதற்கு அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம் இது. நம் இரணியன் கதையைக் கட்டினவனுக்கும் இந்தச் சூக்ஷ்மம் தெரிந்துதான் இருந்தது. மனிதனாலும் மிருகத்தாலும் சாவில்லை, உள்ளேயும் வெளியேயும் சாவில்லை, பகலிலும் இரவிலும் சாவில்லை என்று வரம் கொடுத்து, அந்த வரத்தின் வார்த்தைக்குள்ளேயே சந்து கண்டு பிடித்துக் கொன்றான். கதை என்ற அளவில் அது கெட்டிக்காரத்தனமான வேலை. அதைக் கும்பிடச் சொல்லும்போதுதான் நமக்கும் அவர்களுக்கும் சண்டை.

கேள்வி கேட்பதால் கதைக்காரர்கள் கெட்டுப் போய் விடுவார்கள் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு நடந்த சங்கதி. 1973-ல் சிலந்தி மனிதன் புத்தகத்தில், அவன் காதலி க்வென் ஸ்டேசியைப் பகைவன் ஒரு பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளுகிறான். சிலந்தி மனிதன் நூலை வீசி நடுவழியில் பிடித்து விடுகிறான். பிடித்து மேலே இழுத்தால் பெண் பிணம்! அதுவரையில் எத்தனை கதாநாயகர்கள் விழுகிறவர்களை எத்தனை தடவை பிடித்திருப்பார்கள்! ஒருவர் கழுத்தாவது முறிந்ததுண்டா? விழுவதால் ஒருவரும் சாவதில்லை, தோழர்களே. சட்டென்று நிற்பதால்தான் சாகிறார்கள். 50 மீட்டர் விழுந்தவரை 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், அவர் எடையைப் போல ஆயிரம் மடங்கு அடி அவர் மேல் விழும். அதே ஆளை 5 மீட்டர் தூரம் கூடவே இறங்கி மெல்ல நிறுத்தினால் ஏறக்குறைய 11 மடங்கோடு போகும். அடி பட்டாலும் பிழைக்கலாம். இது கொத்தனாருக்கு எடுபிடி வேலை செய்கிற சித்தாளுக்கு நன்றாகத் தெரியும். கீழிருந்து வீசுகிற செங்கல்லைக் கையை விறைப்பாக நீட்டிப் பிடிக்க மாட்டாள். செங்கல்லோடு கையையும் பின்னால் வாங்கிக் கொண்டே பிடிப்பாள். இல்லாவிட்டால் விரல் போய்விடும். பலா மரத்தில் ஏறினவன் பழத்தைக் கயிற்றில் கட்டி இறக்குவானே தவிர, கீழே இருப்பவனைப் பார்த்துப் பிடி என்று போட மாட்டான். சித்தாளுக்கும் மரம் ஏறுகிறவனுக்கும் தெரிந்தது கதாநாயகர்களுக்கு 35 வருஷம் தெரியாமலிருந்தது!

அந்தப் படத்தில் பெண்ணின் கழுத்துக்குப் பக்கத்தில் 'முறிந்தது' என்பது போன்ற ஒரு சத்தச் சொல்லைச் சிறிதாகப் போட்டிருந்தார்கள். அவளைக் கொன்றது பகைவனா, பிடித்தவனா என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். பத்திரிகைக்காரர்கள் மழுப்பவில்லை. திடீரென்று நிறுத்திய வெட்டுதான் கொன்றது என்று பின்னொரு இதழின் கடிதப் பகுதியில் ஒப்புக் கொண்டார்கள். காப்பாற்றப் போன கையே கொன்றது என்ற அந்த ஒரு பக்கம், பத்து பஸ் தூக்கிய பக்கங்களை விடப் படித்தவர்கள் மனதில் நின்று விட்டது. இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். நியாயம் கதையைக் கொல்லும் என்று சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

கடைசியாக ஒருவர் பாக்கி. சக்தியே இல்லாத வீரர், ஆகையால் இவர் மேல் குற்றமில்லை என்று பெரியவர்கள் சிபாரிசு செய்கிற முகமூடிக்காரர் வேதாளர். 1936-ல் அமெரிக்காவில் லீ ஃபால்க் உண்டாக்கியவர். பறக்க மாட்டார், மறைய மாட்டார். குதிரை, நாய், இரண்டு துப்பாக்கி. நமக்கோ இந்தக் கூட்டத்திலேயே இவர் மேல்தான் அதிக ஆக்ஷேபணை. ஏனென்றால் இவருடைய ஆயுதம் துப்பாக்கி அல்ல. தமக்குச் சாவே இல்லை என்று காட்டு ஜனங்களை நம்ப வைத்திருப்பதுதான் இவர் ஆயுதம். தகப்பன் செத்தால் மகன் அதே முகமூடியையும் அதே உடுப்பையும் மாட்டிக் கொண்டு வந்து நிற்கிறான். இப்படி 400 வருஷம், 21 தலைமுறை! வெள்ளைக்காரன் ஒருவன் மண்டையோட்டுச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து வனவாசிகளுக்கு நீதி சொல்லுகிறான். அவர்கள் நடுங்கிக் கேட்டுக் கொள்கிறார்கள். மாயாவியின் சக்தி மின்சாரம் தீர்ந்தால் தீரும். இவருடைய சக்தி எதிரிலிருப்பவன் கேள்வி கேட்டால் தீரும். ஆகவே கதை முழுவதும் அந்தக் காட்டில் ஒருவனும் கேள்வி கேட்காதபடி பார்த்துக் கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட மனிதர் காட்டிலேயே கிடையாது என்று கதைக்காரன் எண்ணிக் கொண்டான் போலும்!

இது கல்வராயன் மலையில் உட்கார்ந்து படிக்க வேண்டிய கதைதான். இந்த மலையின் மலையாளிகள் மூன்று ஜாகீர்தார்களின் கீழ், தகப்பனுக்குப் பின் மகன் என்று தலைமுறை தலைமுறையாக ஆளப்பட்டார்கள். தேசம் சுதந்தரம் அடைந்து ஏறக்குறைய 30 வருஷம் கழிந்து, 1976-ல்தான் அந்த முறை ஒழிந்தது. அந்த நாளைப் பார்த்த கிழவர்கள் இன்னும் மலையில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளை வேதாளர் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தால், பரம்பரை ஆளுகை என்பது எப்படியிருக்கும் என்று அவர்களால் ஆசிரியரை விடச் சரியாகச் சொல்ல முடியும்.

பேரன் சூட்டிகையானவனாக இருந்தால் இன்னொன்றும் கவனிப்பான். வேதாளர் நேரே வந்த குண்டிலிருந்து ஒதுங்குகிறார். சாகாதவர் ஏன் ஒதுங்க வேண்டும்? சுட்டவன் அதைப் பார்த்த பிறகும் ஏன் மண்டியிட வேண்டும்? இதற்கும் மேலே ஒரு பக்கம் இருக்கிறது. சிம்மாசனம் போட்டிருக்கும் அந்த மண்டையோட்டுக் குகையின் உட்புறத்தைத் திறந்து காட்டுகிற படம் அது. அங்கே வரிசையாக 20 கல்லறைகள் இருக்கின்றன.